ஆடிக் கற்கும் வகுப்பறை

வகுப்பறை விளையாட்டைப் பற்றி நம் ஆசிரியரிடையே இருவேறு எண்ணங்கள் உண்டு. விளையாட்டு மணி அடித்த பிறகு திடலில் நடக்க வேண்டியது. வகுப்பறைக்குள் புகுந்தால் பாடம் கெடும் என்பது ஒன்று. பிள்ளைகள் மகிழ்ந்தால் போதும், பாடம் தானாக வந்துவிடும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் முழு உண்மை ஆகா. ஏழு வயதுப் பிள்ளை கையால் தொட்டும், காலால் நடந்தும், வாய்விட்டுச் சொல்லியும் கற்பதே இயல்பு என்பதை முதல் கூற்று மறக்கிறது. சிரிப்பும் ஆரவாரமும் நிறைந்த அரை மணி நேரம் எதையுமே கற்பிக்காமல் கழிந்துவிடக்கூடும் என்பதை இரண்டாம் கூற்று மறக்கிறது.

இஃது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று. சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளில் மதிப்பெண்ணுக்குரிய தேர்வுகள் நீக்கப்பட்டன. மலேசியாவிலும் அதே ஆண்டில் முதல் மூன்று ஆண்டுகளுக்குரிய தேர்வுகள் கைவிடப்பட்டு, வகுப்பறை மதிப்பீடு அவற்றின் இடத்தைப் பெற்றது. தேர்வின் நெருக்கடி தளர்ந்தது, ஆயின், “என் பிள்ளை என்ன கற்றான்?” என்று கேட்கும் பெற்றோருக்கு விடை கூறும் பொறுப்பு ஆசிரியர் தலைமேல் ஏறியது. எனவே, எந்த விளையாட்டு கற்பிக்கிறது, எது பொழுதை மட்டும் போக்குகிறது என்று பிரித்தறிய வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

கையிலிருந்து கருத்துக்கு

கையால் செய்து கற்றல் மேனாட்டார் நமக்குப் புதிதாகத் தந்த முறை என்று எண்ணிவிடலாகாது. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் இவ்வாறு மணலில் எழுதக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக, சட்டாம்பிள்ளை முறையோடு சேர்ந்து அது ‘சென்னை முறை’ என்ற பெயரில் இங்கிலாந்திலும் பரவிற்று.

செருமானியரான பிரோபெல் 1840இல் தம் பள்ளிக்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் பெயரிட்டு, பந்து, கனசதுரம், உருளை ஆகியவற்றைப் பாடப் பொருள்களாக்கினார். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லம் தொடங்கி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தார். இவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும், போரின் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கியதும் நாம் நினைவில் கொள்ளத்தக்கவை.

இம்முயற்சிகளுக்கு அடியில் உள்ள கருத்தை அமெரிக்க உளநூல் அறிஞர் செரோம் புரூனர் 1960களில் மூன்று படிகளாக விளக்கினார். முதலில் செயல், அடுத்து உருவம், அதன் பின்னரே குறியீடு. மூன்று புளியங்கொட்டைகளைக் கையில் எடுப்பது செயல். மூன்று புள்ளிகள் வரைவது உருவம். 3 என்று எழுதுவது குறியீடு. 1980களில் சிங்கப்பூர் தன் தொடக்கப்பள்ளிக் கணக்குப் பாடத்தைப் பொருள், படம், குறியீடு என்னும் இவ்வரிசையில்தான் அமைத்துக்கொண்டது. கையில் கொட்டை இல்லாமலே 3 என்ற குறியீட்டை மனனம் செய்யும் பிள்ளை, ஓர் ஒலியைக் கற்கிறதேயன்றி எண்ணைக் கற்பதில்லை.

ஓர் ஆராய்ச்சி கூறும் உண்மை

பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதற்குத் தெளிவான சான்று உண்டு. அமெரிக்காவில் கீதா இரமணி, இராபர்ட்டு சீக்லர் என்னும் இரு ஆய்வாளர்கள், வறிய குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளிப் பருவம் எய்தாத பிள்ளைகளை ஒரு கட்ட விளையாட்டில் ஈடுபடுத்தினர். நேர்க்கோட்டில் பத்துக் கட்டங்கள். அவற்றில் 1 முதல் 10 வரை எண்கள். சுழலும் முள் 1 அல்லது 2 காட்டும். பிள்ளை அவ்வளவு கட்டம் காயை நகர்த்த வேண்டும். மற்றொரு குழுவுக்கும் இதே விளையாட்டுத்தான். ஆனால் கட்டங்களில் எண்களுக்குப் பதில் வண்ணங்கள். இரண்டு வாரத்தில் 15 முதல் 20 நிமிடம் வரை நான்கு முறை ஆடினார்கள். எண் கட்டத்தில் ஆடியவர்கள் எண்ணுவதிலும், எண்ணுருவை அறிவதிலும், இரண்டில் எது பெரிது என்று சொல்வதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அம்முன்னேற்றம் நிலைத்திருந்தது. வண்ணக் கட்டத்தில் ஆடியவர்களிடம் அது தோன்றவில்லை. இம்முடிவுகள் 2008இல் வெளியாயின.

சீக்லர், எலீடா இலாசுகி என்பாருடன் 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. காய் 5இல் நிற்கும்போது 2 விழுந்தால், “ஒன்று, இரண்டு” என்று சொல்லி நகர்த்தும் பிள்ளையும் உண்டு. கட்டத்திலுள்ள எண்ணைப் படித்து “ஆறு, ஏழு” என்று சொல்லி நகர்த்தும் பிள்ளையும் உண்டு. இரண்டாம் வகையில் ஆடியவர்களே மிகுதியாகக் கற்றார்கள். கட்டம் ஒன்று, காய் ஒன்று. வாயில் வந்த சொல் மட்டுமே வேறு!

இதிலிருந்து நாம் பெறும் அளவுகோல் இதுதான்: கற்க வேண்டியதைப் பயன்படுத்தாமல் பிள்ளை ஓர் அடிகூட முன்னே போக முடியாதபடி அமைந்த விளையாட்டே கற்பிக்கும் விளையாட்டு. பாடம் வண்டியின் அச்சாக இருக்க வேண்டும். மேலே ஒட்டிய வண்ணத்தாளாக இருக்கலாகாது. இவ்வளவுகோலைக் கையில் கொண்டு சில விளையாட்டுகளைக் காண்போம்.

எண்ணுக்குரிய விளையாட்டுகள்

முதலாவது, பூவா தலையா பாதை. மேற்கூறிய ஆய்வின் கட்டத்தை வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் பெரிதாக வரையலாம். காய்க்குப் பதில் பிள்ளையே நடக்கட்டும். நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஓர் அடி, பூ விழுந்தால் இரண்டடி. கால் வைக்கும் கட்டத்தின் எண்ணை உரக்கச் சொன்ன பிறகே கால் ஊன்ற வேண்டும் என்பது விதி. பத்தில் தேர்ந்தவர்க்குப் பாதையை இருபது வரை நீட்டலாம். பரமபதப் படம் இதற்குப் பின்னர் வரட்டும். அதில் எண்கள் வரிசைக்கு வரிசை திசை மாறிச் செல்வதால், தொடக்கத்திலேயே கொடுத்தால் இளம்பிள்ளைகள் குழம்புவார்கள்.

இரண்டாவது, பல்லாங்குழி. பதினான்கு குழிகளில் ஐந்தைந்தாக 70 விதைகள் இட்டு ஆடுவது நம் வீடுகளில் வழங்கும் ஒரு முறை. மலாய் மக்களின் சோங்காக்கு இதன் உறவு. பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஏழு விதையாக 98 விதைகள், இருபுறமும் ‘வீடு’ எனப்படும் பெருங்குழிகள். நம் பிள்ளைகள் இரண்டையும் அறிவது நன்று. பலகை இல்லாத பள்ளியில் முட்டைத் தட்டும் புளியங்கொட்டையும் போதும். முதல் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் குழிக்கு மூன்றாகத் தொடங்கலாம். இதில் பாடத்தை அச்சாக்குவதற்கு ஒரே விதியைச் சேர்த்தால் போதும்: விதைகளை எடுத்தவன், இடத் தொடங்குமுன், கடைசி விதை எந்தக் குழியில் விழும் என்று சொல்ல வேண்டும். சொன்னது சரியானால் ஒரு விதை பரிசு. இவ்விதி வந்தவுடன் பிள்ளை கையை நிறுத்தி மனத்தால் கூட்டத் தொடங்குகிறது. மேலும், குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளும் நம் பழைய வழக்கம், நான்கை எண்ணாமலே கண்ணால் அறியும் பழக்கத்தைத் தருகிறது.

மூன்றாவது, ஐந்தாங்கல். சங்க நூல்கள் பேசும் கழங்காட்டத்தின் வழி வந்தது இது. மலாயில் பத்து செரம்பான் என்பார்கள். சிங்கப்பூரில் கல்லுக்குப் பதிலாக அரிசியோ மணலோ நிரப்பித் தைத்த சிறு துணிப்பைகளைக் கொண்டு ஆடுவர். இவை கையை நோகச் செய்யா. ஒன்றை மேலே எறிந்து, தரையிலுள்ள நான்கை முதலில் ஒவ்வொன்றாகவும், பிறகு இரண்டிரண்டாகவும், பிறகு மூன்றும் ஒன்றுமாகவும், இறுதியில் நான்கையும் ஒருங்கேயும் அள்ளுகிறோம். நான்கு என்னும் எண்ணைப் பிரிக்கும் வழிகள் பல இவ்வாட்டத்திலேயே அடங்கியிருக்கின்றன. ஆடி முடித்தவுடன் 2+2, 3+1 என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினால், குறியீடு பிள்ளைக்கு அயலாகத் தோன்றாது.

நான்காவது, ஒற்றையா இரட்டையா. மூடிய கைக்குள் சில விதைகளை வைத்துக் கேட்பது பழைய ஆட்டம். அதனோடு நின்றால் இது வெறும் ஊகம்தான். கையைத் திறந்து, விதைகளை இணை இணையாக அடுக்கி, மிஞ்சியது உண்டா என்று பார்த்துத்தான் வெற்றியை முடிவு செய்ய வேண்டும் என்றால், ஒற்றைப்படை எண்ணின் இலக்கணத்தைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

எழுத்துக்குரிய விளையாட்டுகள்

தமிழ்ப் பாடத்திற்கு வருவோம். மாத்திரையைக் கண்ணிமைக்கும் பொழுதாலும் கைந்நொடிக்கும் பொழுதாலும் அளந்தவர் தொல்காப்பியர். இலக்கணத்தை உடம்பால் உணர்த்துவதற்கு இதனினும் சிறந்த வழிகாட்டி வேண்டுமோ? குறிலுக்கு ஓரடி, நெடிலுக்கு ஈரடி என்று வைத்துக்கொண்டு, ஆசிரியர் ‘விடு’ என்றால் பிள்ளை இரண்டடியும், ‘வீடு’ என்றால் மூன்றடியும் நடக்கட்டும். எடு, ஏடு, கொடு, கோடு, படு, பாடு எனப் பல இணைகள் உண்டு. காதால் நீளத்தை அறியாதவன் காலை எடுத்து வைக்க முடியாது.

அடுத்தது, உயிரும் மெய்யும் கூடும் விளையாட்டு. 18 மெய்யும் 12 உயிரும் கூடி 216 உயிர்மெய் ஆகின்றன என்று நாம் சொல்கிறோம். பிள்ளையோ 216 தனித்தனி உருவங்களைக் கண்டு மலைக்கிறது. க், ச், த், ப், ம் என்னும் ஐந்து மெய் அட்டைகளையும், அ, ஆ, இ, ஈ, உ என்னும் ஐந்து உயிர் அட்டைகளையும் பத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆசிரியர் ‘மீன்’ என்கிறார். முதலெழுத்தை ஆக்கக்கூடிய இருவரும் ஓடிவந்து கைகோத்து நிற்க வேண்டும். வகுப்பு ‘மீ’ என்று கூற, மூன்றாம் பிள்ளை அதனைப் பலகையில் எழுத வேண்டும். ‘ஈ’ வைத்திருக்கும் பிள்ளைக்குத் தன் எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘மீன்’ என்ற ஒலிக்குள் ஒளிந்திருப்பதைக் காதால் கண்டுபிடிக்க வேண்டும். உயிர்மெய்யின் தத்துவமே அதுதான்.

மூன்றாவது, மூன்று மூலை. அறையின் மூன்று மூலைகளில் ல, ள, ழ என்று எழுதி ஒட்டுங்கள். தலை, தளை, தழை; வலி, வளி, வழி; கலை, களை, கழை என்று ஆசிரியர் திருத்தமாக ஒலிக்க, பிள்ளைகள் உரிய மூலைக்கு ஓட வேண்டும். இவ்வாட்டத்தில் ஒரு குறை நேர்வதுண்டு. கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன் ஓடினால் மற்றவர்கள் அவன் பின்னே ஓடுவார்கள். அவர்கள் பின்பற்றுவது ஒலியை அன்று, தோழனை! ஆதலால் முதலில் எல்லாரும் கண்ணை மூடி, விரலால் ஒன்று, இரண்டு, மூன்று எனத் தம் விடையைக் காட்டட்டும், பிறகு ஓடட்டும். இச்சிறு மாற்றத்தால் ஆட்டம் மீண்டும் பாடத்தை அச்சாகக் கொள்கிறது.

வீட்டில் ஆங்கிலமே பேசி வரும் பிள்ளைகளுக்கு விளையாட்டால் மற்றொரு நன்மையும் உண்டு. “இப்போது என் முறை”, “நீ இரண்டு போடு”, “அது சரியில்லை, மறுபடி எண்ணு” முதலிய தொடர்களை ஒரே ஆட்டத்தில் பலமுறை சொல்ல நேர்கிறது. பாடநூலில் இவற்றை மூன்று முறை சொல்லச் சொன்னால் சலிப்பார்கள், ஆட்டத்தில் சலிப்பதில்லை. ஆடுமுன் இத்தொடர்களைப் பலகையில் எழுதி, தமிழில் சொன்னால்தான் முறை செல்லும் என்று விதி செய்யலாம்.

நடத்தும் முறை

தோற்றவரை வெளியே உட்கார வைக்கும் ஆட்டங்களைத் தவிர்க்க வேண்டும். அவற்றில் யாருக்குப் பயிற்சி மிகுதியாகத் தேவையோ அவனே முதலில் வெளியேறி, நெடுநேரம் சும்மா இருக்கிறான். முப்பது பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவனுக்கு ஒரு முறையே வாய்ப்பு வரும். நால்வர் ஆடினால் எட்டு முறை வரும். ஆகவே சிறு குழுக்களே ஏற்றவை. இரண்டு ஆண்டு மாணவரை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் சிறு தோட்டப்புறப் பள்ளிகளில், மூத்த பிள்ளை நடுவராக அமர்ந்து விதியைக் காக்கலாம். விதியை எடுத்துச் சொல்வதே அவனுக்கு நல்ல மொழிப் பயிற்சி.

ஆட்டம் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அதன் பிறகு வரும் ஐந்து நிமிடமே அதனைப் பாடமாக்குகிறது. என்ன செய்தாய், எப்படிக் கண்டுபிடித்தாய், அதை எப்படி எழுதுவாய் என்னும் மூன்று கேள்விகளை அப்போது கேட்க வேண்டும். செயலிலிருந்து குறியீட்டுக்குச் செல்லும் பாலம் இக்கேள்விகளே. பாலம் இல்லாவிடில், பல்லாங்குழியில் வெல்லும் பிள்ளை பயிற்சி ஏட்டில் 7+5 கண்டு திகைத்து நிற்கும்.

இனி, பெற்றோரின் கேள்விக்கு வருவோம். பிள்ளைகள் ஆடும்போது ஆசிரியரின் கை ஓய்ந்திருக்கிறது, கண் ஓய்ந்திருக்கலாகாது. நாளொன்றுக்கு நால்வரை மட்டும் கூர்ந்து நோக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதி வைக்கலாம். “5இலிருந்து தொடராமல் மீண்டும் ஒன்றிலிருந்தே எண்ணுகிறாள்”, “ளகரம் கேட்கிறான், ழகரம் கேட்கவில்லை” என்பன போன்ற வரிகள் நூற்றுக்கு அறுபது என்னும் மதிப்பெண்ணைவிட மிகுதியாகப் பேசும். அறுபது எடுத்த பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்வது என்று தாய்க்கு விளங்குவதில்லை. ழகரம் கேட்கவில்லை என்று சொன்னால், அன்று மாலையே வழி, வலி என்று இரண்டு சொல்லை மாற்றிச் சொல்லி விளையாட அவளால் இயலும்.

சுண்ணக்கட்டி, நாணயம், புளியங்கொட்டை, அட்டைத்துண்டு ஆகியவற்றுக்கு மேல் இங்குக் கூறிய எதற்கும் செலவு இல்லை. நாளைய பாடக்குறிப்பில் ஒரு விளையாட்டை எழுதும் ஆசிரியர், அதன் பக்கத்தில் இக்கேள்வியையும் எழுதிப் பார்க்க வேண்டுகிறோம்: “இந்த எண்ணை, இந்த எழுத்தை அறியாத பிள்ளை இந்த ஆட்டத்தை ஆடிவிட முடியுமா?” முடியும் என்றால் விதியை மாற்றுக. முடியாது என்றால் தயங்காமல் ஆடச் செய்க.