30 குதிரையை இறக்கிட்டு 16 குதிரையை ஏத்தலாமா? ஒரு பழைய படகின் எஞ்சின் மாற்றம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா லேசா எடிட் பண்ணியிருக்கு.)

முதல்ல எல்லாருக்கும் வர்ற கேள்வி: பாய்மரப் படகுக்கு எதுக்குங்க எஞ்சின்? காத்துதான் இருக்கே?

காத்து இருக்கு, ஆனா நாம கூப்பிட்ட நேரத்துக்கு வராது. நடுக்கடல்ல காத்து நின்னு போச்சுன்னா படகும் நின்னுடும். அதைவிடப் பெரிய பிரச்சினை துறைமுகம். ரெண்டு பக்கமும் அடுத்தவங்க படகு வரிசையா கட்டியிருக்கும். நடுவுல கார் பார்க்கிங் மாதிரி ஒரு சின்ன சந்து. அதுக்குள்ள பாயை மட்டும் நம்பி நுழையறது எல்லாராலயும் முடியாது. அதனால 25, 30 அடிப் படகுகள்ல கூட, உள்ள மாடிப்படிக்குக் கீழ ஒரு சின்ன எஞ்சின் உட்கார்ந்திருக்கும். அதைத்தான் இன்போர்டு எஞ்சின்னு சொல்றோம்.

இன்னைக்கு நாம எடுத்துக்கப் போறது அமெரிக்காவோட ஒரு கிளாசிக் கேஸ். படகு, பியர்சன் 30. 1970-கள்ல ரோட் ஐலண்ட் மாநிலத்துல கட்டின ஃபைபர் கிளாஸ் படகு. அதுக்குள்ள இருக்கிற எஞ்சின் யுனிவர்சல் அட்டாமிக் 4. பேரைக் கேட்டு பயப்படாதீங்க, இது சாதாரண நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். விஸ்கான்சின்ல ஆஷ்காஷ்ங்கிற ஊர்ல 1947-ல ஆரம்பிச்சு 1980-கள் நடுப்பகுதி வரைக்கும் செஞ்சாங்க. மொத்தம் சுமார் 40,000. அந்தக் காலத்து அமெரிக்கப் பாய்மரப் படகுல பாதியைத் திறந்தா இதுதான் இருக்கும்னு சொல்ற அளவுக்குப் பிரபலம். நிறைய எஞ்சின் இன்னும் ஓடிட்டிருக்கு.

அப்புறம் எதுக்கு மாத்தணும்? ரெண்டு காரணம்.

ஒண்ணு, உப்பு. கார்ல ரேடியேட்டர் தண்ணி சுத்தி சுத்தி வரும். இந்தப் பழைய எஞ்சின்கள்ல பெரும்பாலும் கடல் தண்ணியே நேரா எஞ்சின் பிளாக்குக்குள்ள போய் வெளிய வரும். அம்பது வருஷம் உப்புத் தண்ணி ஓடின இரும்பு உள்ள எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. தண்ணி ரொம்ப சூடானா உப்பு படியும்ங்கிறதால, எஞ்சினை 60 டிகிரி பக்கத்துலயே வச்சு ஓட்டணும். அது எஞ்சினுக்கு உகந்த சூடே கிடையாது.

ரெண்டாவது காரணம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. பெட்ரோல் ஆவி காத்தை விட கனமானது. கார்லயோ பைக்லயோ பெட்ரோல் கசிஞ்சா கீழ இறங்கி வெளிய போயிடும். படகோட அடிப்பகுதி ஓட்டை இல்லாத ஒரு கிண்ணம். கசிஞ்ச ஆவி அங்கயே குளம் மாதிரி தேங்கி நிக்கும். வீட்ல கேஸ் சிலிண்டர் லீக் ஆனா தரையோட படியும், லைட் ஸ்விட்சைத் தொடாதேன்னு அம்மா கத்துவாங்க இல்ல, அதே கதைதான். அதனால பெட்ரோல் எஞ்சின் இருக்கிற அமெரிக்கப் படகுகள்ல, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 4 நிமிஷம் புளோவரை ஓட விடணும்னு எச்சரிக்கை ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். ஸ்டார்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் எல்லாம் தீப்பொறி வெளிய வராத வகையா இருக்கணும். பார்க்க ஒரே மாதிரிதானே இருக்குன்னு கார் கடையில விலை குறைவா ஒண்ணு வாங்கி மாட்டினா, படகுக்குள்ள தீக்குச்சி வச்ச மாதிரி.

டீசல் அப்படி இல்ல. சாதாரண வெப்பநிலையில பத்திக்கிற அளவுக்கு அது ஆவியே விடாது. அதுலயும் தீ பிடிக்கும், ஆனா இப்படி பதுங்கியிருந்து வெடிக்காது. டீசலுக்கு மாறணும்னு ஆசை வர்றது அதனாலதான்.

சரி, மாத்தலாம்னு முடிவு பண்ணியாச்சு. பழைய எஞ்சின் 30 குதிரைத்திறன். புதுசும் 30-ல வாங்கணும், இல்ல கொஞ்சம் கூடவே வாங்கணும்னு தோணும். சர்வர் வாங்குற புத்தி நமக்கு. இங்க அது செல்லாது.

இந்த மாதிரிப் படகு தண்ணியைப் பிளந்துட்டுப் போகும்போது முன்னாடி ஒரு அலை, பின்னாடி ஒரு அலை உண்டாகும். வேகம் கூடக்கூட அந்த அலையோட நீளமும் கூடும். அலையோட நீளம் படகோட நீளத்துக்கு வந்ததும், படகு தான் உண்டாக்கின பள்ளத்துக்குள்ளயே மாட்டிக்கும். அதுக்கு மேல போகணும்னா மேடு ஏறணும். கணக்கு சிம்பிள். தண்ணியைத் தொடுற நீளத்தை அடியில எடுத்து, வர்க்கமூலம் போட்டு, 1.34-ஆல பெருக்குங்க. பியர்சன் 30-க்கு அந்த நீளம் 25 அடி. வர்க்கமூலம் 5. விடை 6.7 நாட். அதாவது மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர். சைக்கிள் வேகம்! இருநூறு குதிரையைக் கட்டினாலும் இந்தப் படகு கிட்டத்தட்ட அங்கதான் நிக்கும்.

அந்த வேகத்துக்கு எவ்வளவு சக்தி வேணும்? ஒரு டன்னுக்கு 4 குதிரைத்திறன்ங்கிறது படகுக்காரங்களோட கைக்கணக்கு. இந்தப் படகு நாலு டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. அப்போ 15, 16 போதும்.

அப்ப அந்தக் காலத்துல ஏன் 30 வச்சாங்க? அவங்க வைக்கல, அதுதான் விஷயம். 30-ங்கிறது நிமிஷத்துக்கு 3,500 சுத்து சுத்தினா கிடைக்கிற நம்பர். இந்தப் படகுகள்ல பெரும்பாலும் கியர் குறைப்பு கிடையாது. எஞ்சின் ஒரு சுத்து சுத்தினா புரொப்பல்லரும் ஒரு சுத்து. தண்ணியோட எதிர்ப்புல எஞ்சின் 2,000 சொச்சத்துலயே திணறி நின்னுடும். பல வருஷமா உண்மையில கிடைச்சது பாதிக்குப் பக்கம்தான். புது டீசல்ல ரெண்டுக்கு ஒண்ணுங்கிற மாதிரி கியர் குறைப்பு இருக்கு. எஞ்சின் வேகமா சுத்தும், புரொப்பல்லர் நிதானமா, பலமா தள்ளும். 16 குதிரை முழுசா வேலை செய்யும்.

பெருசா வாங்கினா என்ன நஷ்டம்? காலியா இருக்கிற சர்வருக்கு ஒண்ணும் ஆகாது. டீசல் எஞ்சினுக்கு ஆகும். லோடே இல்லாம மெதுவா ஓடிட்டே இருந்தா, எரிஞ்சும் எரியாத கரி எக்ஸாஸ்ட்ல படியும், சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும்.

நிறைய பேர் தேர்ந்தெடுக்கிற ஒரு எஞ்சின் இங்கிலாந்து கம்பெனி பீட்டா மரீனோட பீட்டா 16. உள்ள இருக்கிற பிளாக் கூபோட்டா. ஆமா, டெல்டா பக்கம் வயல்ல மெஷின் மேல பார்த்த அதே பேரு. அட்டாமிக் 4 உட்கார்ந்த அதே மேடையில உட்காருற மாதிரி கால்கள் செஞ்சே கொடுக்கிறாங்க.

கால் பொருந்திடுச்சு, நாலு போல்ட்டு போட்டா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. எஞ்சின் தனி மாட்யூல் இல்ல. பழைய எஞ்சினை நம்பி அந்தப் படகுல ஏகப்பட்ட டிபெண்டென்சி இருக்கு.

எரிபொருள் டேங்க்: பழைய டேங்க்ல வெளிய போற குழாய் மட்டும்தான் இருக்கும். டீசல் எஞ்சின் தேவைக்கு மேல எடுத்துட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அதுக்கு ரெண்டாவது குழாய் வேணும், புது ஃபில்டர் வேணும். டேங்க்ல துளி பெட்ரோல் கூட மிச்சம் இருக்கக் கூடாது.

அடுத்தது எக்ஸாஸ்ட். இதுல கொஞ்சம் நின்னு பேசணும், புது எஞ்சின்கள் அநியாயமா சாகுற இடம் இது. எஞ்சினைக் குளிர்விச்ச கடல் தண்ணியை சூடான புகையோட கலந்து, ரப்பர் குழாய் வழியா வெளிய தள்ளுறாங்க. எஞ்சின் நிறைய படகுகள்ல கடல் மட்டத்துக்குக் கீழயோ ஒட்டியோதான் இருக்கு. பைக் டேங்க்ல டியூபை விட்டு பெட்ரோலை உறிஞ்சி எடுப்பாங்களே, அதே மாதிரி எஞ்சின் நின்னப்புறமும் கடல் தானா உள்ள வர ஆரம்பிக்கும். அதைத் தடுக்க, குழாயைக் கடல் மட்டத்துக்கு நல்லா மேல தூக்கி வளைச்சு, உச்சியில காத்து புகுற சின்ன வால்வு வைக்கணும். அந்த வால்வு உப்பு பிடிச்சு அடைச்சா, மறுநாள் காலைல சிலிண்டருக்குள்ள தண்ணி. தண்ணியை அமுக்க முடியாது. ஸ்டார்ட் பண்ணா கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் பத்திக்காம செல்ஃபை அடிச்சிட்டே இருந்தாலும் இதே ஆபத்து. பம்பு தண்ணியைத் தள்ளிட்டே இருக்கும், அதை வெளிய ஊத புகை இருக்காது.

பழைய எஞ்சினைத் தூக்குறது பார்க்க சினிமா மாதிரி இருக்கும். 150 கிலோ இரும்பு. பாயைக் கட்டுற கட்டையில செயின் பிளாக்கை மாட்டி, படிக்கட்டு வாசல் வழியா அங்குலம் அங்குலமா மேல இழுப்பாங்க. ஆனா உண்மையான வேலை அலைன்மென்ட். எஞ்சினோட தட்டும் புரொப்பல்லர் தண்டோட தட்டும் முகத்தோட முகம் சேரணும். நாலு அங்குலத் தட்டுன்னா, சுத்தி எங்க அளந்தாலும் இடைவெளி வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள்ள. ஒரு ஏ4 பேப்பர் கனம். இதைக் கரையில வச்சு செஞ்சு முடிச்சிட்டேன்னு சொல்ல முடியாது. தண்ணியில இறக்கினதும் படகோட உடம்பு லேசா வளையும். அதனால இறக்கி, ரெண்டு நாள் விட்டு, மறுபடி அளக்கணும்.

இவ்வளவுக்கும் ஆகுற செலவு? யார்டுல மொத்தமா விட்டா, அம்பது வயசுப் படகோட சந்தை விலையையே தாண்டிடலாம். அதனால என் கருத்து இது: அட்டாமிக் 4 நல்லா ஓடுது, கசிவு இல்லன்னா, அந்தக் காசுல எரிபொருள் குழாயை மாத்துங்க, புளோவரை மாத்துங்க, கடல் தண்ணி உள்ள போகாத மாதிரி ஹீட் எக்ஸ்சேஞ்சர் போடுங்க. இதுக்கு இன்னும் பார்ட்ஸ் கிடைக்குது. பிளாக்கே வெடிச்சிருந்தா, இல்ல இன்னும் பத்து வருஷம் தூரப் பயணம் போற எண்ணம் இருந்தா, டீசல்.

எலக்ட்ரிக் பத்தி கேப்பீங்கன்னு தெரியும். 10 யூனிட் பேட்டரி வச்சிருக்கீங்கன்னு வைங்க. முழு வேகத்துல ஒரு மணி நேரம் சொச்சம். ஆனா தேவைப்படுற சக்தி வேகத்தோட கனத்துல குறையும், பாதி வேகத்துல எட்டுல ஒரு பங்கு போதும். அதனால துறைமுகத்துல இருந்து வெளிய வந்து பாயை விரிச்சுடுற ஆளுக்கு அது அருமை. காத்தே இல்லாத நாள்ல எதிர் நீரோட்டத்துல மாட்டினா அருமை இல்ல.

கடைசியா புரொப்பல்லர். அட்டாமிக் 4-க்கு இடது கைப் புரொப்பல்லர். அதாவது முன்னாடி போகும்போது, பின்னாடி இருந்து பார்த்தா கடிகாரத்துக்கு எதிரா சுத்தும். புது டீசல் பெரும்பாலும் வலது கை. அதனால பழைய புரொப்பல்லர் குப்பைக்கு, புதுசோட அளவையும் மறுபடி கணக்கு போடணும். முழு த்ராட்டில்ல எஞ்சின் அதோட உச்ச சுத்தைத் தொடணும். தொடாம கறுப்புப் புகை விட்டா புரொப்பல்லர் பெருசு.

இன்னொரு விளைவும் உண்டு. ரிவர்ஸ் போட்டா எந்தப் படகும் நேரா வராது, பின்பக்கம் ஒரு பக்கமா இழுக்கும். இடது கைப் புரொப்பல்லர்னா வலப்பக்கம். வலது கைன்னா இடப்பக்கம். இருபது வருஷமா அதே படகை அதே இடத்துல கண்ணை மூடிக்கிட்டு நிறுத்தின ஆளு, புது எஞ்சினோட முதல் நாள் உள்ள வந்து பழக்கத்துல ரிவர்ஸ் போடுவார். படகு நேரா பக்கத்து வீட்டுக்காரர் படகை நோக்கிப் போகும். அதனால முதல் வாரம் திறந்த தண்ணியில ஒரு மிதவையைப் போட்டு, அதுகிட்ட நிறுத்திப் பழகிட்டு உள்ள வாங்க. ரப்பர் பந்துங்களை ரெண்டு பக்கமும் தொங்கவிட்டுட்டு.