எல்லை மறந்த கலங்கள் கற்பித்த பாடம்

எமது நாட்டில் 2017ஆம் ஆண்டு முதல் தரம் 6 மாணவியருக்கு மனித பப்பிலோமா வைரஸுக்கு எதிரான தடுப்பூசி இலவசமாக ஏற்றப்பட்டு வருகின்றது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலிருந்து நாளைய பெண்களைக் காப்பதே இதன் நோக்கமாகும். எனினும், புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைப் பிள்ளையின் உடலில் செலுத்துவதா என்ற அச்சம் பெற்றோர் சிலரிடம் இருக்கவே செய்கின்றது. இக்கேள்வியை அலட்சியம் செய்வது முறையன்று. அதற்குரிய விடை, ஆய்வுகூடக் கிண்ணங்களில் பல தசாப்தங்களாக நடைபெற்ற பொறுமையான ஆராய்ச்சியின் மூலம் கண்டறியப்பட்டதாகும்.

நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த பேற்றன் ரௌஸ், கோழியொன்றில் தோன்றிய கட்டியை அரைத்து, கலங்களும் பற்றீரியாக்களும் புகமுடியாத வடியினூடாக வடித்து, அச்சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றிலும் கட்டிகள் தோன்றின. 1911ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட இம்முடிவை அன்றைய மருத்துவ உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 55 ஆண்டுகள் கழிந்து, 1966ஆம் ஆண்டிலேயே அவருக்கு நோபல் பரிசு கிட்டியது.

வைரஸ் ஒன்று கலத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்பதை விலங்கின் உடலினுள் அவதானிப்பது கடினம். ஆகவே ஆய்வாளர்கள் கலங்களை வெளியே எடுத்து, போசணை கொண்ட ஊடகத்தில் வளர்த்தனர். உடலின் இணைப்பிழையத்திலிருந்து பெறப்படும் சாதாரண கலங்களுக்கு ஓர் ஒழுங்குண்டு. அவை கிண்ணத்தின் அடித்தளத்தைப் பற்றிக்கொண்டே பெருகும். அயற் கலங்களைத் தொட்டதும் பெருக்கத்தை நிறுத்தி, ஒற்றைப் படையாக அமையும். தமது வேலி எதுவென அறிந்த குடியிருப்பாளரைப் போன்றவை அவை.

வைரஸால் உருமாற்றப்பட்ட கலங்களோ இவ்வொழுங்கை மறந்துவிடுகின்றன. ரௌஸ் கண்டறிந்த வைரஸ் தொற்றிய கோழிக் கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிவதை 1958இல் ஹவார்ட் டெமின், ஹரி ரூபின் ஆகியோர் எடுத்துக்காட்டினர். 1964இல் மற்றுமொரு வியப்பு வெளியாயிற்று. பொலியோமா வைரஸால் உருமாறிய கலங்கள், பற்றிக்கொள்ளத் தளம் எதுவுமில்லாத மென்மையான ஏகாரில் தொங்கியவாறே பெருகித் திரள்களாயின. சாதாரண கலங்களால் இவ்வாறு வளர இயலாது.

கிண்ணத்தில் கட்டுப்பாடிழந்த கலம் உடலிலும் கட்டியை உண்டாக்குமா என்பதே அடுத்த வினா. இதனைச் சோதிக்க, தைமஸ் சுரப்பியற்றுப் பிறக்கும் உரோமமற்ற சுண்டெலிகள் பயன்பட்டன. அந்நியக் கலங்களை நிராகரிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸால் உருமாறிய கலவகைகளைக் கொண்டு 1975இல் வெளியான ஆய்வு தெளிவான விடையை அளித்தது. நெருக்கமாகக் குவிவதோ குறைந்த போசணையில் வளர்வதோ மாத்திரம் போதவில்லை. பற்றுக்கோடின்றி வளரும் ஆற்றலைப் பெற்ற கலங்களே சுண்டெலிகளில் கட்டிகளைத் தோற்றுவித்தன. எனவே, வேகமாகப் பெருகுவது மட்டும் ஒரு கலத்தைப் புற்றுநோய்க் கலமாக்கிவிடுவதில்லை. தனக்குரிய இடத்தின் கட்டுப்பாட்டிலிருந்து அது விடுபடுவதிலேயே ஆபத்துத் தங்கியுள்ளது.

மனிதரில் இதனைச் செய்யும் வைரஸ்களுள் முக்கியமானது பப்பிலோமா வைரஸாகும். 1983, 1984ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியின் ஹரால்ட் ட்சூர் ஹௌசன் குழுவினர் இதன் 16ஆம், 18ஆம் வகைகளைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் இனங்கண்டனர். இதற்காக அவர் 2008இல் நோபல் பரிசு பெற்றார். 1951இல் அமெரிக்காவின் பல்ற்றிமோர் நகரில் ஹென்றியெற்றா லக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து, அவரது சம்மதமின்றி, பெறப்பட்ட ஹீலா கலங்களிலும் 18ஆம் வகை காணப்பட்டது. அவர் அதே ஆண்டு உயிரிழந்தார். அவரது கலங்களோ இன்றும் உலக ஆய்வுகூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன.

இவ்வைரஸின் ஈ6, ஈ7 எனும் இரு பரம்பரையலகுகளே கேடு விளைவிப்பவை. கலப்பெருக்கத்துக்குத் தடை போடும் பி53, ஆர்பி ஆகிய காவற் புரதங்களை அவை செயலிழக்கச் செய்கின்றன. ஹீலா கலங்களில் இவ்விரு பரம்பரையலகுகளையும் அடக்கியபோது, அரை நூற்றாண்டாக ஓயாத அக்கலங்களும் பெருக்கத்தை நிறுத்தின என்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் காட்டின.

பெற்றோரின் அச்சத்துக்கான விடை இங்கேயே உள்ளது. தடுப்பூசியில் இருப்பது வைரஸின் வெளியுறைப் புரதத்தால் ஆன வெற்றுக்கூடு மாத்திரமே. அதில் ஈ6 இல்லை; ஈ7 இல்லை; வைரஸின் டி.என்.ஏ. எதுவுமே இல்லை. எனவே அது தொற்றை ஏற்படுத்தவோ கலத்தை உருமாற்றவோ முடியாது. உடலின் நிர்ப்பீடனத் தொகுதி பகைவனை முன்கூட்டியே அடையாளங்காண மட்டுமே அது உதவுகின்றது.

தொற்று ஏற்படுமுன் ஏற்றினாலே முழுப்பயன் கிட்டும் என்பதாலேயே இளவயது தெரிவுசெய்யப்பட்டுள்ளது. திருமண உறவின் வழியாகவும் இவ்வைரஸ் தொற்றக்கூடும். ஆதலால் இத்தடுப்பூசி எவரது ஒழுக்கத்தின் மீதான ஐயமும் அன்று. 17 வயதுக்கு முன்னர் இதனைப் பெற்ற பெண்களிடையே இப்புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்ததாக 2020இல் வெளியான சுவீடன் ஆய்வு தெரிவித்தது.

அதேவேளை, 2022இல் மட்டும் உலகில் சுமார் 3 இலட்சத்து 50 ஆயிரம் பெண்கள் இந்நோய்க்குப் பலியாகினர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. தடுப்பூசி பெறும் வயதைக் கடந்த தாய்மார் கூச்சத்தைக் களைந்து, சுகவனிதையர் கிளினிக்குகளில் உரிய பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகள் ஓசையின்றி வளரும் நோய் இது. ஆரம்பத்திலேயே அறிந்தால் தடுக்கலாம். விஞ்ஞானம் தனது பணியைச் செய்துவிட்டது. மகளுக்குத் தடுப்பூசி, தாய்க்குப் பரிசோதனை என்ற எஞ்சிய கடமை எமது குடும்பங்களையே சார்ந்ததாகும்.