திறந்தவெளி இசைநிகழ்ச்சிக்குக் கட்டுச்சோறு: ஆபத்து, உரிமை, தீர்வு

திருவையாற்றில் காவிரிக்கரையில் ஆண்டுதோறும் நடைபெறும் தியாகராஜர் ஆராதனை முதல் கல்லூரி மைதானங்களிலும் கடற்கரைச் சாலை வளாகங்களிலும் நடத்தப்படும் திரையிசை இரவுகள் வரை, அரங்கச் சுவர்களுக்கு வெளியே இசை கேட்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. கூட்டம் பெருகும் நிகழ்ச்சிகளில் இடம் பிடிப்பதற்காகக் குடும்பங்கள் பல மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவதால், வீட்டிலிருந்து கட்டுச்சோறு எடுத்துச் செல்வது இயல்பாகிவிட்டது. அந்த உணவு சமைத்த எத்தனையாவது மணியில் உண்ணப்படும் என்பதையும், நுழைவுச்சீட்டின் நிபந்தனைகள் எதை அனுமதிக்கின்றன என்பதையும் வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்வது குடும்பத்தின் உடல்நலத்தையும் பணத்தையும் காக்கும்.

உணவில் மறைந்திருக்கும் ஆபத்து

5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகுவதால், அந்த இடைவெளியை உணவியலார் ‘அபாய மண்டலம்’ என்பர். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும்போது அமெரிக்க உணவுப் பாதுகாப்புத் துறையினர் அதை 1 மணி நேரமாகக் குறைக்கின்றனர். நண்பகலில் வடித்த சோறு இரவு 8 மணிக்கு மைதானத்தில் பிரிக்கப்படுமானால், அது இந்த வரம்பைப் பல மடங்கு கடந்துவிட்டிருக்கும்.

சோற்றில் ‘பேசிலஸ் சீரியஸ்’ என்னும் கிருமியின் வித்துகள், அதாவது கொதிநீரையும் தாங்கும் உறங்குநிலை உயிரணுக்கள், தங்கியிருக்கக்கூடும். சோறு மெல்ல ஆறும்போது அவை விழித்தெழுந்து பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஊசிப்போன வாடை வந்தால் மட்டுமே உணவு கெட்டது என்று கருதும் வழக்கம் இங்கே பயன்படாது, ஏனெனில் வாடையோ புளிப்போ தோன்றாத சோற்றிலும் இந்த நச்சு இருக்கலாம். பயணத்துக்கான தயிர்சாதத்தில் பாலை மிகுதியாக ஊற்றிச் சிறிதளவே தயிர் சேர்ப்பது புளிப்பைத் தள்ளிப்போடுமே தவிர, கிருமியைத் தடுக்காது.

கட்டிக்கொடுக்கும் முறை

உண்ணும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு உணவைத் தேர்வது நல்லது. சோற்று வகைகளை மைதானத்துக்குள் நுழையும் முன்பே உண்டு முடித்துவிட்டு, இரவுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, சப்பாத்தி, கடலை மிட்டாய், தோலுரித்து உண்ணும் வாழைப்பழம், ஆரஞ்சு ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். புளியின் அமிலம் கிருமி வளர்ச்சியை மந்தப்படுத்துவதால் புளியோதரை பிற சோற்று வகைகளைவிடத் தாங்கும். தேங்காய்ச் சட்னி விரைவில் கெடுவதால் அதை விட்டுவிடுவதே நலம்.

சோற்றை அகன்ற தட்டில் பரப்பி, ஆவி முழுவதும் அடங்கிய பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு எவர்சில்வர் டப்பாவில் அடைத்தால், மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகத் திரளும் நீர் மீண்டும் சோற்றில் சொட்டி, மேற்பரப்பை ஈரமாக்கிக் கிருமிக்கு இடமளிக்கிறது. அனலில் வாட்டிய வாழையிலை பொதிவதற்கு ஏற்றது. அச்சுமையிலுள்ள ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் உணவில் கலக்கும் என்பதால், செய்தித்தாளில் உணவு பொதிவது 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிமுறைகளால் தடுக்கப்பட்டுள்ளது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் தண்ணீர் பாக்கெட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் அடங்கும். கைக்குழந்தைக்குப் பால் கரைத்து எடுத்துச் செல்லாமல், கொதிநீரைச் சூடுகாக்கும் குடுவையிலும் பால்மாவைத் தனியாகவும் கொண்டுசென்று, வேண்டும்போது கலந்து, தகுந்த சூட்டுக்கு ஆறவைத்துக் கொடுப்பது பாதுகாப்பானது.

உணவைவிடத் தண்ணீர் முதன்மையானது. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடைபெற்ற விமானப்படை சாகச நிகழ்ச்சிக்குத் திரண்ட பெருங்கூட்டத்தில் 5 பேர் உயிரிழந்ததும், பலர் வெயிலில் மயங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், திறந்தவெளிக் கூட்டங்களில் வெப்பத்தை எளிதாக எண்ணக் கூடாது என்பதை உணர்த்துகின்றன.

உரிமையின் எல்லை

ஜம்மு-காஷ்மீர் திரையரங்குகள் தொடர்பான வழக்கில் 2023 ஜனவரி 3 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், திரையரங்கு தனியார் சொத்து என்பதால் வெளி உணவைத் தடுக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு என்றது. அதே வேளையில், தூய குடிநீர் இலவசமாக வழங்கப்பட வேண்டும் என்பதையும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் தேவையான அளவு கொண்டுவரலாம் என்பதையும் வலியுறுத்தியது. தீர்ப்பு திரையரங்குகளைப் பற்றியதே ஆயினும், தனியார் வளாக இசைநிகழ்ச்சிகளில் குடிநீரும் குழந்தை உணவும் கோருவோர் அதை எடுத்துக்காட்டலாம்.

உள்ளே இருக்கும் கடையில் தண்ணீர் பாட்டிலையோ பொட்டல உணவையோ அதில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது, 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள்கள் விதிகளுக்கு முரணானது. உட்காரவைத்துப் பரிமாறும் உணவகங்களுக்கு 2017-இல் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்திருப்பினும், பரிமாறுதல் இல்லாத வெறும் கடை விற்பனைக்கு அந்த விலக்கு பொருந்தாது.

தீர்வுக்கான வழிகள்

கூடுதல் விலைக்கு ஆளானவர் ரசீதையும் பாட்டிலையும் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் தெரிவிக்கலாம். கடை உணவால் வாந்தி, வயிற்றுப்போக்கு நேர்ந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்கி, நிலை மோசமானால் 108 ஆம்புலன்ஸை அழைப்பது முதற்கடமை. அதன் பின்னர் மருத்துவச் சீட்டு, ரசீது, எஞ்சிய உணவின் படம் ஆகியவற்றோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் அளிக்கலாம்.

இழப்பீடு கோருபவர், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமலும் மனு செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை.

இவை அனைத்துக்கும் ஆதாரம் தேவைப்படுவதால், நுழைவுச்சீட்டு வாங்கும்போதே வெளி உணவுக்கு அனுமதி உண்டா, குடிநீர் எங்கே கிடைக்கும், வெளியே சென்று மீண்டும் நுழைய முடியுமா என்னும் மூன்று கேள்விகளையும் அமைப்பாளரிடம் மின்னஞ்சல் வழியாகக் கேட்டுவிட வேண்டும். கிடைக்கும் எழுத்துவடிவ விடை, என்ன கட்டிச் செல்வது என்பதைத் தீர்மானிக்கவும் உதவும். வாக்கு மீறப்பட்டால் ஆணையத்தின் முன் சான்றாகவும் நிற்கும்.