கண்ணாடி அலமாரியில் பூட்டிய பொம்மைகள்

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் வாப்பாக்களின் பெட்டியில் சோப்பு, சென்ட், பால்மாவுக்கு அடுத்தபடியாகக் கட்டாயம் இருப்பது பொம்மை. ரிமோட் கார், பேசும் கிளி, கண் சிமிட்டும் பொம்மை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு நாள் வீடு அமளிப்படும். மூன்றாம் நாள், "உடைச்சுப் போட்டுடுவான், எடுத்து மேல வை" என்று ஒரு குரல் வரும். கார் மறுபடியும் அட்டைப்பெட்டிக்குள் போய், ஹாலில் இருக்கும் ஷோகேஸில் ஏறிக்கொள்ளும். விருந்தாளிகள் பார்க்கலாம். பிள்ளை தொடக்கூடாது.

இதில் உம்மாக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கார் வெறும் பிளாஸ்டிக் இல்லை. இரண்டு வருடம் பார்க்காமல் இருந்த மனிதரின் அன்பு அதற்குள் இருக்கிறது. அது உடைந்தால் மனம் தாங்காது. ஆனால் பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு. வாப்பா வந்தார், பொம்மை வந்தது. வாப்பா போனார், பொம்மையும் அலமாரிக்குள் போனது.

பொம்மை, விளையாட்டு என்றாலே "வீண்" என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் கொஞ்சம் உண்டு. ஓதுகிற, படிக்கிற நேரத்தைத் தின்னும் ஒன்றாகவே அதைப் பார்க்கிறோம். நபி (ஸல்) அவர்களின் வீட்டில் நடந்ததைப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது.

ஆயிஷா (ரலி) அவர்கள் தோழிகளுடன் பொம்மைகளை வைத்து விளையாடிய செய்தி புகாரியில் (6130) இருக்கிறது. நபியவர்கள் வீட்டுக்குள் வந்ததும் அந்தச் சிறுமிகள் கூச்சப்பட்டு ஒளிந்துகொள்வார்களாம். நபியவர்களோ அவர்களை ஆயிஷாவிடம் திரும்ப அனுப்பி வைப்பார்கள், விளையாட்டு தொடரட்டும் என்று. பொம்மை வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள் என்ற சட்டத்தை மட்டும் நாம் இந்த ஹதீஸிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். கூட விளையாட ஆள் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அனுப்பியதைக் கவனிக்காமல் கடந்து விடுகிறோம்.

அபூதாவூதில் (4932) வரும் செய்தி இன்னும் விரிவானது. பயணம் முடிந்து நபியவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். காற்றில் ஒரு திரை விலக, உள்ளே வரிசையாக பொம்மைகள். இவை என்ன என்று கேட்கிறார்கள். நடுவில் ஒரு குதிரை. அதற்குத் துணியில் இரண்டு இறக்கைகள். குதிரைக்கு இறக்கையா என்று வியந்து கேட்கிறார்கள். சுலைமான் நபியிடம் இறக்கை முளைத்த குதிரைகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) பதில் சொல்ல, கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள். களைத்து வந்தவர் ஒரு பொம்மையைப் பற்றி அடுத்தடுத்துக் கேள்வி கேட்கிறார், பதிலை ரசிக்கிறார். அந்தக் குதிரையோ துணித்துண்டில் செய்தது. கடையில் வாங்கிய விலையுயர்ந்த பொருள் அல்ல.

அபூஉமைர் என்ற சிறுவனின் செய்தியும் இப்படித்தான். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி. அவன் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடி வந்தான். அது இறந்துபோய் அவன் வாடியிருந்தபோது, அவனைச் செல்லப்பெயரால் அழைத்து அந்தப் பறவையைப் பற்றி நபியவர்கள் விசாரித்தார்கள். இப்னுல் காஸ் என்ற அறிஞர் இந்த ஒரு சிறு செய்தியிலிருந்து 60க்கும் மேற்பட்ட படிப்பினைகளை எடுத்துத் தனி நூலே எழுதினார். ஒரு சிறுவனின் விளையாட்டை நம் முன்னோர் எவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதுவே போதும்.

வணக்கத்துக்கும் விளையாட்டுக்கும் பகை என்று நினைப்பவர்கள் ஆஷூரா நோன்பைப் பற்றி ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிப்பதைப் பார்க்கலாம் (புகாரி 1960). பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்து, சாயமிட்ட கம்பளியில் விளையாட்டுப் பொருள் செய்து தயாராக வைத்திருப்பார்களாம். பசியில் அழும் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை பொழுதைக் கழிப்பார்கள். நம் வீடுகளில் ரமலான் மாதத்தில் அஸருக்குப் பிறகு அந்த இடத்தை இப்போது செல்போன் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உருவப் பொம்மை கூடுமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. மேலே சொன்ன செய்திகளை வைத்து, சிறு பிள்ளைகளின் விளையாட்டுக்கு விதிவிலக்கு உண்டு என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. அந்த அனுமதி பின்னர் மாற்றப்பட்டது என்று சொன்னவர்களும் உண்டு. இன்றைய பிளாஸ்டிக் பொம்மைகள் அச்சு அசலாக இருப்பதால் அவற்றைத் தவிர்ப்பது பேணுதல் என்போரும் இருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும்: அலங்காரத்துக்காக ஷோகேஸில் உருவங்களை வைப்பதற்கு இந்த ஹதீஸ்களை ஆதாரமாகக் காட்ட முடியாது. பிள்ளை விளையாடத்தான் அந்தச் சலுகை. அப்படிப் பார்த்தால், பூட்டி வைத்த பொம்மைதான் சிக்கலான பொம்மை!

சரி, எத்தனை பொம்மை வேண்டும்? அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு உதவும். ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரையுள்ள 36 பிள்ளைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும், இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் செலவிட்டார்கள். அதை வைத்து வெவ்வேறு விதமாகவும் விளையாடினார்கள். பதினாறு இருந்தபோது ஒன்றை எடுப்பதும் போடுவதுமாக இருந்தார்கள். பெருநாளைக்கு வந்த பொம்மைகள் ஹால் முழுக்க இறைந்து கிடக்க, "போர் அடிக்குது" என்று பிள்ளை சொல்வதன் காரணம் இதுதான். இருப்பதை மூன்று பைகளாகப் பிரித்து, ஒரு பையை மட்டும் வெளியே வைத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றி எடுக்கும்போது பழைய பொம்மையும் புதிதாகத் தெரியும். செலவே இல்லை.

பொத்தானை அழுத்தினால் தானே ஆடிப் பாடும் பொம்மையில் பிள்ளைக்கு வேலை இல்லை. அது வேடிக்கை பார்க்கும் பொருள். மரக்கட்டைகள், பந்து, களிமண், சொப்புச் சாமான், நுங்கு வண்டி ஆகியவற்றில் பிள்ளைதான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும், கற்பனையும் அதனுடையதே. அம்பாசமுத்திரம் பக்கம் மரத்தில் கடைந்து செய்யும் சொப்புகளை வைத்து ஒரு பிள்ளை ஒரு மாலை முழுக்கக் குடும்பம் நடத்தும். ஆண்பிள்ளை சொப்பை எடுத்தால் பிடுங்கும் பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை: நபியவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாருக்கு உதவியாக வீட்டு வேலைகள் செய்து வந்தார்கள் என்று புகாரியில்தான் வருகிறது.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். பேசும் பொம்மை, ரிமோட், மின்னும் மெழுகுவத்தி இவற்றில் சட்டைப் பொத்தான் போன்ற வட்ட பேட்டரி இருக்கும். அதைப் பிள்ளை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், நேராக எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். பேட்டரி மூடி திருகு ஆணியால் இறுக்கப்படாத பொம்மை வீட்டுக்குள் வரவே வேண்டாம். சின்னச் சின்ன காந்த உருண்டைகளும் அப்படித்தான். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் விற்கப்படும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வளைகுடா நாடுகளில் வாங்குபவர்கள் 'ஜி' முத்திரையைப் பார்த்து வாங்கலாம்.

பெருநாள் காசில் பையன்கள் முதலில் வாங்குவது துப்பாக்கி. அதில் வரும் பிளாஸ்டிக் குண்டு கண்ணில் பட்டால் பார்வை போகலாம். தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதை விளையாட்டுக்குக்கூடச் செய்யக்கூடாது என்பது நபியவர்களின் தடை. இதைச் சொல்லிக்கொடுக்கப் பெருநாள் காலை நல்ல நேரம். காசு கொடுக்கும்போதே சொல்லிவிடலாம்.

செல்போனைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், அதன்பின் ஐந்து வயது ஆகும்வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது ஓடி ஆடவும் வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். போனைப் பிடுங்கிவிட்டு "சும்மா உட்கார்" என்றால் எந்தப் பிள்ளையும் உட்காராது. பத்து நிமிடம் யாராவது கூடத் தரையில் உட்கார வேண்டும். ஸஜ்தாவில் இருந்த நபியவர்களின் முதுகில் பேரப்பிள்ளை ஏறிக்கொண்டபோது, அந்தப் பிள்ளை தானாக இறங்கட்டும் என்று ஸஜ்தாவையே நீட்டினார்கள் என்று நஸாயியில் வருகிறது. பின்னால் தொழுதவர்கள் ஏதோ நடந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு நீண்ட ஸஜ்தா அது.

கூட உட்காரவே முடியாத தூரத்தில் இருக்கும் வாப்பாக்கள் என்ன செய்வது? வீடியோ காலில் "சாப்பிட்டியா, ஓதினியா, உம்மா சொல்றதைக் கேக்குறியா" என்று மூன்று கேள்வியோடு முடிகிறது பேச்சு. அந்த இறக்கைக் குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். "கையில என்ன வச்சிருக்கே, அது எங்கே போகுது, அதுக்கு என்ன பேரு" என்று கேட்டுப் பாருங்கள். போனை வைக்கவே விடமாட்டான். உம்மாக்கள் அந்த நேரத்துக்கு ஷோகேஸைத் திறந்து வைத்தால் போதும்.

அடுத்த முறை ஊர் வரும்போது பேட்டரி சாமான்களைக் குறைத்துக்கொண்டு, வாப்பாவும் பிள்ளையும் சேர்ந்து விளையாடக்கூடிய ஒன்றை வாங்கி வாருங்கள். பந்து என்றால் காற்றை இறக்கிப் பெட்டியில் மடித்து வைத்துவிடலாம். எடையும் அதிகம் வராது.