காஞ்சியின் வரியும் கும்பினியின் போரும்

ஓர் அரசு தன் எல்லைக்கு அப்பால் நடத்தும் போரின் செலவை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திற்குள் காட்டினால் மக்கள் மன்றம் வினா எழுப்பும். ஆகவே செலவை வேறோர் ஏட்டுக்கு மாற்றுவது ஆட்சியாளர்களின் பழைய உத்தி. ஆஃப்கானிஸ்தான், இராக் போர்களுக்கு அமெரிக்கா முதலில் அவசரத் துணை மானியங்களாகவும், பின்னர் 2021 வரை தனித் தலைப்பொன்றின் கீழும் பணம் ஒதுக்கியது. 2011இல் விதிக்கப்பட்ட செலவு உச்சவரம்பு அத்தலைப்பைக் கட்டுப்படுத்தவில்லை. விளைவு, வழக்கமான படைச் செலவுகள் சிலவும் அதற்குள் புகுந்துகொண்டன. இவ்வுத்தியின் முதிர்ந்த வடிவத்தைக் காண நாம் வாஷிங்டன் வரை செல்ல வேண்டியதில்லை, காஞ்சிபுரமே போதும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்குப் போரிட்டது இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு வணிகக் கும்பினி. அதன் பங்குதாரர்கள் எதிர்பார்த்தது இலாபத்தை, படைச் செலவையன்று. 1749இல் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருத்தீன் கான் வீழ்ந்தபின், பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாஹிபுக்கு எதிராக நவாப் முஹம்மது அலி வாலாஜாவை ஆங்கிலேயர் தாங்கி நின்றனர். போர்கள் அவர் பெயரால் நடந்தன. எனவே செலவும் அவர் பற்றில் எழுதப்பட்டது. 1761இல் புதுச்சேரியை வீழ்த்திய முற்றுகையின் செலவுகூட அவர் தலையில்தான் விழுந்தது. இவ்வாறு கடனாளியாக்கப்பட்ட நவாபிடமிருந்து 1763இல் கும்பினி பெற்றதே செங்கல்பட்டு ஜாகீர். காஞ்சிபுரம் அதற்குள் அடங்கியிருந்தது. 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் இதனை உறுதிசெய்தார். அதே நிலத்தை 1780 வரை நவாபே குத்தகைக்கு எடுத்து வரி தண்டினார் என்பதுதான் விந்தை. தம் நாட்டின் ஒரு பகுதிக்குத் தாமே குத்தகைதாரர்!

கும்பினி தவணை தவறாது பணம் கேட்டது. நவாபிடம் ரொக்கம் இல்லை. அப்போது கடன் கொடுக்க முன்வந்தவர்கள் யார் தெரியுமா? கும்பினியின் ஊழியர்களே, தம் சொந்தப் பெயரில்! தொடக்கத்தில் வட்டி நூற்றுக்கு 36 வரை இருந்தது. ஹரமைனுக்கு அறக்கொடை அனுப்பிய ஒரு முஸ்லிம் ஆட்சியாளர் இவ்வட்டிச் சேற்றில் ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்து கிடந்ததை வருத்தத்துடனேயே குறிப்பிட வேண்டியிருக்கிறது. ஈடாக மாவட்ட வரிகள் எழுதிக் கொடுக்கப்பட்டன. இதனால் கும்பினியின் ஏட்டில் போர்ச் செலவு வரவாகிவிட்டது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மானியக் கோரிக்கைகளில் அதன் பெரும்பகுதி இடம்பெறவே இல்லை. கடனோ நவாபின் சொந்தக் கடன் எனப்பட்டது. களத்துமேட்டில் நின்ற குடியானவனுக்கு மட்டும் இவ்வேடுகள் அனைத்தும் ஒன்றே.

கடன் கொடுத்தோருக்கு அடுத்த போரிலும் ஆதாயம் இருந்தது. 1773இல் நவாபுக்காகத் தஞ்சை கைப்பற்றப்பட்டது. அதன் விளைச்சலின் மீது பால் பென்ஃபீல்டு என்னும் ஊழியர் உரிமை கோரினார். தஞ்சையை அதன் அரசருக்கே 1776இல் மீட்டளித்த சென்னை ஆளுநர் பிகாட்டை அவருடைய ஆலோசனைச் சபையினரே சிறைப்படுத்தினர். 1777இல் அவர் காவலிலேயே மாண்டார். ஏட்டுக்கு வெளியே ஓடும் பணம் ஓர் ஆளுநரையே வீழ்த்த வல்லதாயிருந்தது.

1780இல் ஹைதர் அலி கர்நாடகத்தின் மீது படையெடுத்தார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் பெய்லியின் படை ஹைதராலும் திப்புவாலும் நொறுக்கப்பட்டது. காஞ்சியில் இருந்த மன்றோ, தம் கனரகப் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். எந்தப் படைக்காக ஜாகீரின் வரி பிடிக்கப்பட்டதோ, அப்படை ஜாகீரைக் காக்கவில்லை. ஊர்கள் பாழாயின.

ஆயினும் கடன் பாழாகவில்லை. 1784இல் இலண்டன் கட்டுப்பாட்டு வாரியம், கடன்களின் உண்மையை விசாரியாமலே, அவற்றைத் தீர்க்க ஆண்டுக்கு 12 இலட்சம் வராகன் ஒதுக்கப் பணித்தது. 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் இதனைக் கடுமையாகச் சாடினார், தீர்மானம் தோற்றது. 1801இல் கர்நாடகம் கும்பினியின் நேரடி ஆட்சிக்குள் வந்தபின் எஞ்சிய கடன்களை ஆராய ஆணையம் அமைந்தது. அதன் முன் வைக்கப்பட்ட கோரிக்கைகள் 3 கோடி பவுனுக்கும் மேல். பத்தில் ஒரு பங்குகூட உண்மையென ஏற்கப்படவில்லை.