குடல் நரம்புக் குறையும் சிகிச்சைக்குப் பின் தொடரும் அல்லலும்

முன்னர் உண்டது செரித்தமை அறிந்த பின்னரே மீண்டும் உண்ணல் வேண்டும் என்பது திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வற்புறுத்தும் கருத்தாகும். செரித்ததன் கழிவு தடையின்றி வெளிப்படுதலும் அத்துணை இன்றியமையாததே. பிறவியிலேயே அக்கழிவு தடைப்படும் குழவிகள் சிலர் உளர். அவர்தம் நோயின் இயல்பையும், சத்திர சிகிச்சைக்குப் பின்னும் அவர்களை விடாது தொடரும் இடுக்கணையும் ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

குடலின் சுவரில் நுண்ணிய நரம்பணுக்கள் அமைந்துள்ளன. அவற்றின் ஏவலாலேயே குடல் சுருங்கியும் நெகிழ்ந்தும் கழிவை முன் தள்ளுகின்றது. கருவில் ஏறக்குறைய 5-ஆம் வாரம் முதல் 12-ஆம் வாரம் வரை இவ்வணுக்கள் மேலிருந்து கீழாகப் பரவும். இடையே அப்பரவல் நின்றுவிடின், அதற்குக் கீழ்ப்பட்ட குடல் நெகிழும் ஆற்றலின்றி எப்பொழுதும் இறுகியே கிடக்கும். மடை திறவாத கண்மாயில் நீர் பெருகுதல்போல, மேற்பகுதியில் கழிவு தேங்கிக் குடல் வீங்கும். பிறந்த குழவி 48 மணி நேரத்துள் காட்டுப்பீ கழியாமையும், வயிறு உப்புதலும், பச்சை நிறமாக வாந்தியெடுத்தலும் இதன் அறிகுறிகளாம். ஏறத்தாழ 5,000 குழவிகளுள் ஒன்றுக்கு இந்நோய் உண்டாகின்றது. பெண் மகவினும் ஆண் மகவுக்கே மிகுதி.

டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஹிர்ஷ்பிரங்கு என்பார் 1886-இல் இதனைப் பெர்லின் நகரில் எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே இந்நோய் வழங்குகின்றது. வீங்கிய குடலே நோயுற்றது எனப் பலர் நெடுங்காலம் எண்ணினர். உண்மையில் பழுதுற்றது கீழேயுள்ள ஒடுங்கிய குடலே. அதனை நீக்கி, நலமுள்ள குடலை ஆசனவாயோடு இணைக்கும் முறையை 1948-இல் சுவென்சனும் பில்லும் வெளியிட்டனர்.

இச்சிகிச்சையால் பல குழந்தைகள் உயிர் பிழைத்து நலமாக வளர்கின்றனர். எனினும் அவருள் சிலர்க்கு மலச்சிக்கலும், ஆடையில் மலங்கசிதலும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன. கசிவு இருவகைப்படும். தேங்கி இறுகிய மலத்தைச் சுற்றி இளகிய மலம் வழிந்தொழுகுதல் ஒருவகை. ஆசனவாயின் தசையோ உணர்ச்சியோ ஊறுபட்டமையால் அடக்க இயலாமற் போதல் மற்றொரு வகை. முன்னதற்குப் பேதி மருந்தும் எனிமாவும் உதவும். பின்னதற்குப் பேதி மருந்து கேடே பயக்கும். ஆதலின் காரணம் இன்னதென மருத்துவர் ஆராய்ந்து துணிந்த பின்னரே மருந்து கொடுத்தல் முறை. நரம்பற்ற பகுதி சிறிது எஞ்சியிருத்தலும், இணைப்பு குறுகுதலும், உட்டசை நெகிழாமையும் சிக்கலுக்குக் காரணமாகலாம். நெகிழாத தசைக்குப் பொட்டுலினம் என்னும் மருந்தை ஊசியாற் செலுத்துதலும் உண்டு.

இவற்றினும் கொடியது குடலழற்சி. வயிறு உப்பி, காய்ச்சலோடு துர்நாற்றமுள்ள நீர்மலம் கழியின், அதனைச் சாதாரண வயிற்றுப்போக்கெனக் கருதிக் காலங்கடத்தலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். தாழ்த்தின் உயிருக்கே இறுதியாகும்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தார் இத்தகைய குழந்தைகளைச் சிகிச்சைக்காக மதுரை முதலிய பெருநகரங்களுக்குக் கொண்டு செல்லலாம். ஆயின் சிகிச்சைக்குப் பின் அக்குழந்தை வாழ்வது மருத்துவமனையில் அன்று, வீட்டிலும் பள்ளியிலுமே. உணவுண்டபின் குடலுக்கு இயல்பாகவே அசைவு மிகும். ஆதலின் நாள்தோறும் உணவுக்குப்பின் ஒரே வேளையில் சிறிது நேரம் கழிப்பிடத்தில் அமரச் செய்தல் நற்பழக்கமாம். அப்பத்தாவும் ஆயாவும் ‘இத்துணை வளர்ந்தும் வெட்கமில்லையா?’ என வைதலும், உடன் பயில்வோர் மூக்கைப் பொத்தி நகைத்தலும் அக்குழந்தையின் உள்ளத்தைப் புண்படுத்துமேயன்றி மலத்தை அடக்கும் வலியைத் தாரா. கசிவு சோம்பலால் வருவதன்று, பிடிவாதத்தால் வருவதுமன்று, உறுப்பின் குறையால் வருவது.

நம்முள் பலர் நாளை ஆசிரியராவோம். வகுப்பினின்று எழுந்து செல்ல ஒரு சிறுவன் அடிக்கடி விடை வேண்டுவானாயின், காரணம் பலர் முன் வினவாது அவனைப் போகவிடுவோமாக. அவன் பள்ளியை விட்டே நீங்காதிருத்தற்கு அச்சிறு செயலும் துணையாகும்.