ஆறிய சோறும் சூடான சட்டியும்

உலகப் படத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்தைக் கண்டுபிடியுங்கள். அது வட அட்சரேகை 12 பாகை 37 கலையில் இருக்கிறது. அங்கிருந்து நேர் கிழக்கே ஓர் அளவுகோலை வைத்துக் கோடு இழுங்கள். வங்கக் கடலைக் கடந்து, அந்தமான் தீவுகளைத் தாண்டி, மியான்மர் நாட்டின் ஒடுங்கிய தென்பகுதியைக் குறுக்கே வெட்டி, தாய்லாந்திலுள்ள ஹுவா ஹின் என்ற கடற்கரை ஊருக்கு அருகே அந்தக் கோடு போய்ச் சேரும்.

இரு கரைகளிலும் ஒரே மாதிரி வெயில். இரு கரைகளிலும் நெல் வயல், உப்பளம், நெத்திலி மீன். பழக்கமும் புதிதன்று. தாய்லாந்தின் தக்குவா பா பகுதியில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, ‘அவனிநாரணம்’ என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவையும் குறிப்பிடுகிறது. ‘அவனிநாரணன்’ என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர்.

அந்தக் கரையின் அன்றாட உணவுகளில் ஒன்று ‘காவ் பட்’. ‘காவ்’ என்றால் சோறு. ‘பட்’ என்றால் சட்டியில் இட்டுப் புரட்டியது. பூண்டு, முட்டை, இறால் அல்லது காய்கறி, கொஞ்சம் மீன் சாறு, பக்கத்தில் எலுமிச்சைத் துண்டும் வெள்ளரிக்காயும். இதை நம் வீட்டிலும் செய்யலாம். ஆனால் முதன்முறை செய்து பார்ப்பவர்கள் பலருக்குக் கிடைப்பது பொலபொலவென்ற சோறு அன்று, குழைந்த களி! “பழைய சோற்றில் செய்தால்தான் சரியாக வரும்” என்று சமையல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது ஏன்? அப்படியானால் எவ்வளவு பழையது? இந்த இரண்டாவது கேள்விக்குத் தவறான விடை கண்டால் சுவை மட்டுமன்று, உடல்நலமும் கெடும். இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரிசிக்குள் என்ன நடக்கிறது?

அரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது நுண்ணிய மணிகளாக இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது. மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு. ஒன்று அமைலோஸ்; ஏறத்தாழக் கிளையில்லாத நீண்ட சங்கிலி. மற்றொன்று அமைலோபெக்டின், புளிய மரம் போலக் கிளை விட்டது.

தண்ணீரில் அரிசியைச் சூடாக்கும்போது, வெப்பநிலை ஏறத்தாழ 60 முதல் 75 பாகை சென்டிகிரேடை எட்டியதும் மாவு மணிகள் நீரைக் குடித்து உப்புகின்றன. அவற்றின் ஒழுங்கான அடுக்கு குலைகிறது. அமைலோஸ் சங்கிலிகளில் ஒரு பகுதி வெளியே கசிந்து தண்ணீரில் கலக்கிறது. இந்தத் தண்ணீர்தான் கஞ்சி! சோறு வடிக்கும் நம் வீட்டு முறையில் இந்தப் பசை பெருமளவு வெளியேறிவிடுகிறது. பிரஷர் குக்கரில் அது சோற்றின்மேலேயே தங்கிவிடுகிறது. வறுப்பதற்கு வடித்த சோறு ஏற்றது என்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

அந்தக் கஞ்சியை வேட்டிக்குப் போடுகிறோம். சூடாக இருக்கும்போது குழகுழப்பாக இருந்த கஞ்சி, ஆறிக் காய்ந்ததும் துணியை விறைப்பாக்குகிறது. அதே வேலைதான் சோறு ஆறும்போதும் நடக்கிறது. கலைந்து கிடந்த சங்கிலிகள் மீண்டும் ஒன்றையொன்று நெருங்கி, பக்கத்தில் பக்கமாக அடுங்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோத்துக்கொள்கின்றன. பருக்கை உறுதியாகிறது, மேற்பரப்பின் பசைத்தன்மை குறைகிறது. அமைலோஸ் சில மணி நேரத்திலேயே இறுகிவிடும். அமைலோபெக்டின் இறுக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகைக் குளிரில் அது விரைவாக நடக்கும்.

மீண்டும் சூடாக்கினால் என்ன ஆகும்? அமைலோபெக்டினின் பிணைப்புகள் 60 பாகைக்குள்ளாகவே அவிழ்ந்துவிடும். அமைலோஸின் பிணைப்புகளோ 100 பாகைக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். ஆகவேதான் ஆறிய சோறு சட்டியில் மறுபடி மென்மையாகிறது, ஆனால் குழைவதில்லை.

எந்த அரிசி?

அமைலோஸ் மிகுந்த அரிசி உதிரியாகும், குறைந்தது ஒட்டும். தாய்லாந்தின் புகழ்பெற்ற ‘மல்லிகை’ அரிசியில் அமைலோஸ் குறைவு. எனவே அது மென்மையாகவும் சற்று ஒட்டுவதாகவும் இருக்கும். ஆறவைக்காமல் வறுக்கவே முடியாது. நம் கடைகளில் கிடைக்கும் பொன்னியில் அமைலோஸ் அதைவிட அதிகம், வறுப்பதற்கு எளிது. புழுங்கல் அரிசி இன்னும் எளிது. நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை அவித்து ஆறவிட்டதால், அதன் மாவுச்சத்து முன்பே ஒரு தடவை குழைந்து இறுகிவிட்டது.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1986இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி, மலேசியாவின் மசூரி நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. மசூரியோ தைவானின் ‘தைச்சுங் 65’ என்ற ரகத்தையும் மலேயாவின் ‘மாயாங் எபோஸ் 80’ என்ற ரகத்தையும் கலந்து பிறந்தது. நம் வீட்டுப் பானையில் வேகும் பொன்னியே கடல் கடந்து வந்த அரிசிதான்!

தண்ணீர் தின்னும் வெப்பம்

ஆறவைப்பதில் இன்னொரு பலனும் உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடேற்ற ஒரு கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிராம் கொதிநீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். சோற்றில் 100 கிராம் உபரி ஈரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 30 பாகையிலிருந்து கொதிக்கவைக்க 7,000 கலோரி. ஆவியாக்க 54,000 கலோரி. ஆக மொத்தம் 61,000 கலோரி. இவ்வளவு வெப்பத்தில் ஏறக்குறைய 870 கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்!

ஈரம் போகும் வரையில் பருக்கையின் மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது. வறுத்த மணமும் பொன்னிறமும் தரும் வேதிவினை வேகமாக நடக்க 140 பாகைக்கு மேல் வேண்டும். ஆகையால் ஈரச் சோறு சட்டியில் வறுபடுவதில்லை, அவிந்துகொண்டிருக்கிறது. ஒரே நேரத்தில் சட்டி நிறையச் சோற்றைக் கொட்டினாலும் இதே கதைதான்.

ஈரத்தை எப்படிப் போக்குவது? மாமல்லபுரம், கோவளம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருக்குமே என்று கேட்பீர்கள். இதற்கு இயற்பியல் விடை சொல்கிறது. 80 பாகைச் சூட்டில் நீரின் ஆவி அழுத்தம் 355 மில்லிமீட்டர் பாதரசம். 30 பாகையில் அது 32 மட்டுமே. கடற்காற்று எவ்வளவு ஈரமாயிருந்தாலும் அதிலுள்ள ஆவியின் அழுத்தம் இதற்கு மேல் அதிகம் போகாது. எனவே சூடான சோற்றிலிருந்து ஈரம் விரைந்து வெளியேறும். ஆறிய பிறகு அவ்வேகம் இராது. பாடம் இதுதான்: வடித்த சோற்றைச் சூடாக இருக்கும்போதே அகன்ற தாம்பாளத்தில் பரப்ப வேண்டும்.

வறுத்தாலும் சாகாத நஞ்சு

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒரு புதிர் தோன்றியது. சீன உணவகங்களில் வறுத்த சோறு சாப்பிட்ட பலர், சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியால் துன்புற்றனர். ஆராய்ந்தபோது குற்றவாளி பிடிபட்டது: பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. உணவகங்களில் சோற்றை மொத்தமாக வடித்து, இரவு முழுவதும் வெளியிலேயே வைத்திருந்து, மறுநாள் சிறிது சிறிதாக எடுத்து வறுத்திருந்தார்கள்.

இந்த பாக்டீரியா மண்ணில் வாழ்வது. நெல்லோடு இயல்பாகவே வந்துவிடும். தனக்குச் சூழ்நிலை சரியில்லாதபோது இது கெட்டியான உறை போர்த்த வித்தாக மாறிவிடுகிறது. சோறு வேகும் சூட்டில் அந்த வித்து சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக ஆறியதும் விழித்துக்கொண்டு பெருகத் தொடங்குகிறது. அதற்கு மிகவும் பிடித்த வெப்பம் 30 முதல் 37 பாகை. செங்கற்பட்டில் மே மாதத்துப் பகல் 38 பாகையைத் தாண்டுவதுண்டு. அதாவது நம் அடுப்பங்கரையே அதற்கு ஏற்ற வளர்ப்புக்கூடம்!

ஒரு கிராம் சோற்றில் 100 பாக்டீரியா இருந்து, அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால், எட்டு மணி நேரத்தில் 16 முறை இரட்டிக்கும். 100ஐ 65,536ஆல் பெருக்குங்கள். அறுபத்தைந்து லட்சத்துக்கு மேல்! ஒரு கிராமில் ஒரு லட்சத்தைத் தாண்டினாலே ஆபத்து என்று கருதப்படுகிறது.

“அதனாலென்ன, நன்றாகச் சூடாக்கி வறுத்துவிட்டால் செத்துவிடுமே?” என்று தோன்றும். பாக்டீரியா சாகலாம். ஆனால் வாந்தியை உண்டாக்கும் சீருலைடு என்ற நஞ்சை அது முன்பே சோற்றில் விட்டுவிட்டிருக்கும். அந்த நஞ்சு 121 பாகை வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை. கெட்டுப்போன சோற்றை அடுப்பு திருத்தாது.

அப்படியானால் நம் முன்னோர் பழைய சோறு உண்டார்களே? அது வேறு வழி. அங்கே சோறு தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிக்கவைக்கின்றன. அந்தப் புளிப்பில் பேசில்லஸ் சீரியஸ் பெருக முடிவதில்லை. காப்பது தண்ணீர் அன்று, புளிப்பு. உலர்ந்த சோற்றுக் குவியலுக்கு அந்தக் காவல் கிடையாது.

குவியல் என்பதே தவறு. வெப்பம் கடத்தலால் வெளியேறும்போது, ஆறும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப உயரும். 2 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பிய சோற்றைவிட 20 சென்டிமீட்டர் குவியலின் நடுப்பகுதி ஆற நூறு மடங்கு நேரம் எடுக்கும். பானையோடு மூடி வைத்த சோறு இரவெல்லாம் உள்ளே வெதுவெதுப்பாகவே இருப்பதன் காரணம் இதுவே.

செய்முறை

இருவருக்கு 200 கிராம் பொன்னி அரிசி போதும். ஒரு கொதி முன்னதாகவே, பருக்கை சற்று விறைப்பாக இருக்கும்போது வடித்துவிடுங்கள். சூட்டோடு இரண்டு தாம்பாளங்களில் மெல்லப் பரப்பி, மின்விசிறியின் கீழ் அரை மணி முதல் முக்கால் மணி வரை வையுங்கள். இப்போதே வறுத்துவிடலாம், மறுநாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. மறுநாளுக்கென்றால், ஆறியவுடன் ஆழமில்லாத பாத்திரத்தில் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே பயன்படுத்திவிடுங்கள். நெடுநேரம் மின்சாரம் நின்று பெட்டியின் குளிர் போயிருந்தால் அந்தச் சோறு வேண்டாம்.

இரும்பு வாணலியை நன்றாகக் காயவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் ஊற்றுங்கள். நசுக்கிய பூண்டு நான்கு பல், நறுக்கிய வெங்காயம் ஒன்று, பிறகு இறாலோ பொடியாக நறுக்கிய காய்களோ சேர்த்து வதக்குங்கள். அவற்றை ஓரமாக ஒதுக்கி, இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். சோற்றைப் பாதிப் பாதியாகச் சேர்த்து, பெருந்தீயில் தோசைத் திருப்பியால் அடியிலிருந்து புரட்டுங்கள். ஒரு மேசைக்கரண்டி மீன் சாறும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போட்டு இறக்குங்கள். அடுப்பருகே பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

மீன் சாற்றைத் தாய் மொழியில் ‘நாம் பிளா’, அதாவது மீன்நீர் என்பார்கள். நெத்திலியையும் உப்பையும் கலந்து ஓராண்டுக்கு மேலும் ஊறவைத்து வடித்தது அது. மீனின் உடலிலுள்ள நொதிகளே அதன் புரதத்தை அமினோ அமிலங்களாகச் சிதைக்கின்றன. அவற்றில் குளுட்டாமிக் அமிலம் நாவுக்கு இதமான சுவை தருகிறது. நம் மீனவர் நெத்திலியை வெயிலில் கருவாடாக்குகிறார்கள். அவர்கள் உப்பில் சாறாக்குகிறார்கள். கிடைக்காவிட்டால் உப்பே போதும்.

நீங்களே அளந்து பாருங்கள்

சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் நல்ல சோதனை செய்யலாம். வடித்த சூடான சோற்றில் 200 கிராம் நிறுத்து ஒரு தட்டில் பரப்புங்கள். இன்னொரு 200 கிராமைக் கிண்ணத்தில் குவித்து வையுங்கள். அரை மணி கழித்து இரண்டையும் நிறுங்கள். குறைந்த எடை அத்தனையும் வெளியேறிய நீர். அதை 540ஆல் பெருக்கினால், அடுப்புக்கு எத்தனை கலோரி மிச்சம் என்பது தெரிந்துவிடும். பிறகு இரண்டையும் தனித்தனியாக வறுத்து, வீட்டிலுள்ளவர்களிடம் எது எதுவென்று சொல்லாமல் கொடுத்துத் தீர்ப்புக் கேளுங்கள்.

ஒரு விதியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். வறுக்கும் சோறு ஆறியதாக இருக்க வேண்டும். ஆனால் விரைவில் ஆறியதாக இருக்க வேண்டும்.